ஃப்ரீரென் உண்மையிலேயே எதையாவது மாற்றிப் போட்டிருக்கிறதா?

6 ஏப்ரல் 2024, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஃபேன்டசி ஜானரையே ஃப்ரீரென் என்ற ஜப்பானிய அனிமே தொடர் புரட்டிப் போட்டுவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். முதல் சீசனின் 28 எபிசோடும் பார்த்து முடித்தேன். வீரன் ஹிம்மெலும் எல்ஃப் மந்திரவாதி ஃப்ரீரெனும் இருந்த குழு டீமன் கிங்கைக் கொன்று முடித்த பிறகு கதை தொடங்குகிறது, அது புதுசுதான், ஒத்துக்கொள்கிறேன். அதைத் தாண்டி என்ன இருக்கிறது? மந்திரவாதி, போர்வீரன், பாதிரியார், டிராகன், கடைசியில் ஒரு தேர்வு, அதில் அடிதடி. முதல் எபிசோடில் ஒரு திருப்பத்தை வைத்துவிட்டு மிச்சத்தை வழக்கம்போல ஓட்டியிருக்கிறார்கள். இல்லை என்பவர்கள் ஒரு காட்சியைக் காட்டிப் பேசுங்கள்.

6 ஏப்ரல், இரவு

ஒரு காட்சிதானே கேட்கிறீர்கள்? மூன்றாவது எபிசோடு, குவால்.

இந்த ஜானரில் பழங்காலத்து டீமன் ஒருவன் கல்லாக முடங்கிக் கிடந்தால், அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். முத்திரை உடையும், வானம் இருளும், இந்தக் காலத்து ஆட்கள் அவன் முன்னால் நிற்க முடியாமல் சிதறுவார்கள். பழசு என்றாலே பலம். இங்கேயும் அப்படித்தான் மேடை போடுகிறார்கள். குவால் கண்டுபிடித்த ஸோல்ட்ராக் என்ற மந்திரம் கவசம், தடுப்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும். அந்த வட்டாரத்து மந்திரவாதிகளில் 70 சதவீதம் பேர் அதனால் செத்தவர்கள். ஹிம்மெலின் குழுவாலேயே அவனைக் கொல்ல முடியாமல் முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

80 வருடம் கழித்து அவன் கண் விழிக்கிறான். ஸோல்ட்ராக்கை ஏவுகிறான். ஃப்ரீரெனின் சிஷ்யை ஃபெர்ன் என்ற சின்னப் பெண் சாதாரணத் தடுப்பு மந்திரம் ஒன்றைப் போட்டு அதை நிறுத்திவிடுகிறாள். நிறுத்திவிட்டு அவளே குழம்புகிறாள்: இது நாம் தினமும் பழகுகிற சாதாரணத் தாக்குதல் மந்திரம் ஆயிற்றே?

விஷயம் இதுதான். அந்த மந்திரம் அவ்வளவு பயங்கரமாக இருந்ததால்தான் மனிதர்கள் விழுந்து விழுந்து அதை ஆராய்ந்தார்கள். அதற்கு எதிராகத் தடுப்பு முறைகளை உருவாக்கினார்கள், கருவிகளை மேம்படுத்தினார்கள், அந்த மந்திரத்தையே கற்றுத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுடைய ஆயுதம் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டது. ஃபைனல் பாஸ் மாதிரி வைக்கப்பட்ட ஒருவனை எந்த வீரனும் தோற்கடிக்கவில்லை. பேர் தெரியாத ஆராய்ச்சியாளர்களின் எண்பது வருட வேலை தோற்கடித்தது.

அதற்காக குவாலை முட்டாளாகக் காட்டவும் இல்லை. கண் விழித்த கொஞ்ச நேரத்திலேயே, இந்தத் தடுப்பு மந்திரம் சக்தியை நிறைய உறிஞ்சும், ஒரே நேரத்தில் பல பக்கமிருந்து அடித்தால் தாங்காது என்று கண்டுபிடித்துவிடுகிறான். அவனுடைய அறிவு அப்படியே இருக்கிறது. காலம்தான் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

வழக்கம்போல ஓட்டுகிறவர்களுக்கு இப்படி ஒரு காட்சி தோன்றாது.

7 ஏப்ரல், காலை

நேற்று எழுதாமல் விட்டது: அந்த ஊர்க்காரர்கள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்கிறார்கள். ஹிம்மெல் உயிரோடு இருந்தவரை அடிக்கடி வந்து அந்த முத்திரையைப் பார்த்துவிட்டுப் போவாராம். டீமன் கிங்கைக் கொன்று உலகப் புகழ் பெற்றவர் வயதான காலத்தில் ஒரு குக்கிராமத்துக் கல்லைச் சோதிக்க வருகிறார். வேறு எந்தக் கதையிலும் இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே கதை முடிந்திருக்கும்.

8 ஏப்ரல்

கீழே ஒருவர், ‘டீமன் கிங், வீரன் கதையைத் திருப்பிப் போடுவது ஜப்பானில் பழைய பழக்கம்தானே’ என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. 1986இல் டிராகன் குவெஸ்ட் கேம் வந்தது. வீரன், டீமன் கிங், ஊர் ஊராகப் பயணம், கடைசியில் கோட்டை என்ற அச்சு அந்த வரிசை கேம்களில்தான் ஜப்பானியக் குழந்தைகளின் மனதில் பதிந்தது. அச்சு பதிந்த கையோடு அதை வைத்து விளையாடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். 2013இல் மட்டும் பாருங்கள். மாவோயூ என்ற அனிமேயில் வீரனும் டீமன் கிங்கும் சேர்ந்து விவசாயமும் பொருளாதாரமும் பேசினார்கள். ஹதராக்கு மாவோ-சாமாவில் டீமன் கிங் டோக்கியோவுக்கு வந்து பர்கர் கடையில் வேலை பார்த்தார். அதனால் ‘டீமன் கிங்குக்குப் பிறகு’ என்ற தொடக்கத்தை மட்டும் வைத்து ஃப்ரீரெனைப் புகழ முடியாது. கேள்வி கேட்டவர் சொல்வதில் அந்தப் பாதி சரி.

ஆனால் திருப்பிப் போடும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு. அவை ஜானரைச் சந்தேகப்படும். மந்திர சக்தி பெறும் சிறுமிகளைப் பற்றிய மேஜிக்கல் கேர்ள் கதைகளை மடோகா மேஜிகா 2011இல் பிரித்துப் போட்டபோது, ‘இந்த ஒப்பந்தத்துக்கு என்ன விலை?’ என்று கேட்டது. மூன்றாவது எபிசோடில் அது கொடுத்த அடியை யாரும் மறக்கவில்லை. அதற்கப்புறம் வந்த பலர் அதிர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வீரன் என்றால் உள்ளுக்குள் கெட்டவன், ராஜா என்றால் துரோகி, நட்பு என்றால் பொய்.

ஹிம்மெலைப் பாருங்கள். கடைசிவரை நல்லவன். அழகைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வான், சிலை வைக்கச் சொல்லிப் பலவிதமாக நின்று பார்ப்பான், அவ்வளவுதான். தொடர் அவனை எந்த இடத்திலும் அம்பலப்படுத்தவில்லை, ஏனென்றால் அம்பலப்படுத்த எதுவும் இல்லை. ஜானர் சொன்ன வீரனை அப்படியே நம்புகிற ஒரு கதை, அந்த ஜானர் எந்த நிமிடங்களைக் காட்ட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று வைத்திருந்த கணக்கை மட்டும் மாற்றுகிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குச் சான்று.

8 ஏப்ரல், இரவு

‘நிமிடக் கணக்கு’ என்றதும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு உதாரணம் தருகிறேன்.

டீமன் கிங்கோடு நடந்த சண்டையை முதல் எபிசோடு காட்டுவதே இல்லை. பத்து வருடப் பயணம் முடிந்து வண்டியில் தலைநகருக்குத் திரும்பி வருகிறார்கள், அங்கேதான் தொடக்கம். அதே எபிசோடுக்குள் ஐம்பது வருடம் ஓடி, ஹிம்மெல் கிழவனாகி, எரிகற்களைப் பார்க்கப் போய், செத்தும் போகிறான்.

இன்னொரு பக்கம், அடுத்த எபிசோடில் ஒரு நீலப் பூவுக்காக ஃப்ரீரென் மாதக்கணக்காக ஓர் ஊரைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறாள். ஹிம்மெலின் சிலையைச் சுத்தம் செய்தாயிற்று, பக்கத்தில் பூ நட வேண்டும், அவனுடைய சொந்த ஊரில் பூக்கும் நீலநிலாப் பூதான் வேண்டும் என்கிறாள். அது அந்தப் பகுதியில் அழிந்தே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். கடைசியில் ஓர் எலி வழி காட்டுகிறது. விதைகளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டு மறந்துவிடுகிற எலி. அதைத் தொடர்ந்து போனால் இடிந்த கோபுரத்தின் உச்சியில் நீலமாக ஒரு பரப்பு.

கேமில் இதற்கு சைட் குவெஸ்ட் என்று பெயர். சிறு வயதில் நான் இவற்றையெல்லாம் தாண்டிவிட்டு நேராகக் கோட்டைக்கு ஓடுகிற ஆள். கதையிலும் இவை ஃபில்லர், இடத்தை நிரப்ப வைப்பவை. இங்கே கோட்டையை வெட்டிவிட்டு ஃபில்லரை வைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமல் செய்யவில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு எல்ஃபுக்கு அந்தப் பத்து வருடம் வாழ்க்கையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அப்படி நினைத்துத்தான் அவள் ஹிம்மெலைத் தெரிந்துகொள்ளாமல் விட்டாள். அவனுடைய இறுதிச் சடங்கில், இவள் ஏன் வருத்தமே படவில்லை என்று கூட்டத்தில் சிலர் பேசுகிறார்கள். அதற்கப்புறம்தான் உடைந்து அழுகிறாள். அவள் தவறவிட்டது கோட்டையை இல்லை. அங்கே அவளும் இருந்தாள். வழியில் இருந்ததையெல்லாம் தவறவிட்டாள். அதனால் இரண்டாவது பயணத்தில் வழிதான் கதை.

காலத்தைக் குறிக்கும் விதத்தையும் பாருங்கள். திரையில் ‘ஹிம்மெல் இறந்து 28 வருடங்கள் கழித்து’ என்று வரும். டீமன் கிங் செத்த நாளிலிருந்து எண்ணவில்லை.

10 ஏப்ரல்

ஆவ்ரா என்ற டீமனோடு ஃப்ரீரென் போடும் சண்டையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை மாஸ் சீன் என்று மட்டும் வைத்துவிட வேண்டாம்.

ஆவ்ராவிடம் ஒரு தராசு. இரண்டு பேருடைய ஆன்மாவை அதில் வைத்தால், மந்திர சக்தி அதிகமுள்ளவருக்கு மற்றவர் அடிமை. ஐந்நூறு வருடம் வாழ்ந்தவள் அவள், தராசில் தோற்றதில்லை. சாதாரணமாக இந்த இடத்தில் நாயகி உள்ளே ஒளிந்திருக்கும் சக்தியைத் தட்டி எழுப்புவாள், முடி பறக்கும், பின்னணியில் பாட்டு ஏறும். ஃப்ரீரென் எதையும் எழுப்பவில்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக, தூங்கும்போதுகூட, தன் சக்தியைக் குறைத்தே காட்டிப் பழகியிருக்கிறாள், அதை நிறுத்துகிறாள். தராசு சாய்கிறது. பிறகு ஒரே ஒரு கட்டளை: உயிரை விடு.

இங்கே என்னை உலுக்கியது அந்த வெற்றியில் பெருமை இல்லாதது. தன் சக்தியை மறைப்பது மந்திரவாதிகளுக்கு இழுக்கு என்று அவளுடைய குரு ஃப்ளாமெயே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். டீமன்களுக்கு சக்திதான் அந்தஸ்து, அதை ஒருவர் வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவார் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. அந்த ஒரு குருட்டுப் புள்ளிக்காக ஒரு வாழ்நாள் முழுக்கச் சின்னவளாக நடித்திருக்கிறாள். ‘பவர் லெவல்’ என்று இந்த வகைக் கதைகள் எவ்வளவு காலமாகக் கூவிக்கொண்டிருக்கின்றன! இங்கே அந்த எண்ணையே பொறியாக வைத்திருக்கிறார்கள்.

11 ஏப்ரல், காலை

டீமன்களைப் பற்றிக் கேட்டிருக்கும் நண்பருக்கு. நீங்கள் சொல்லும் உறுத்தல் எனக்கும் இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

கடந்த பல வருடங்களில் நமக்குப் பழகியது வேறு. டீமன் ஸ்லேயரில் ஒவ்வொரு டீமனும் சாகும்போது அவனுடைய பழைய மனித வாழ்க்கை விரியும், நாமும் சேர்ந்து அழுவோம். வில்லனுக்கு ஒரு சோகக் கதை உண்டு என்பதே இப்போது ஒரு விதியாகிவிட்டது. ஃப்ரீரென் அந்தக் கதவை அடைக்கிறது. ஒரு ஃபிளாஷ்பேக்கில், சாகப்போகிற குழந்தை டீமன் ஒன்று ‘அம்மா’ என்று கூப்பிட, ஹிம்மெலே மனமிளகிவிடுகிறான். ஊர்த் தலைவர் அதைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறார். பிறகு ஒருநாள் அது அவரைக் கொல்கிறது. ஏன் என்றால், தன்னால் குழந்தையை இழந்த தாய்க்குத் தலைவரின் மகளைக் கொடுத்துக் கணக்கைச் சரிசெய்யத்தானாம். குடும்பமே இல்லாத இனத்தில் பிறந்த நீ ஏன் ‘அம்மா’ என்றாய் என்று ஃப்ரீரென் கேட்கிறாள். அந்தச் சொல்லைச் சொன்னால் நீங்கள் கொல்லாமல் நின்றுவிடுகிறீர்களே, மந்திரம் மாதிரி, என்கிறது அது.

அதற்கு மேல் லூக்னர் என்ற டீமன். மகனைப் போரில் இழந்த பிரபுவிடம், என் அப்பாவும் போரில் செத்தவர்தான் என்று உருகிப் பேசுகிறான். வெளியே வந்ததும் கூட இருக்கும் டீமன், அப்பா என்றால் என்ன என்று கேட்கிறது. தெரியவில்லையே என்கிறான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான் சப்டைட்டிலை நிறுத்தி இரண்டாவது தடவை படித்த இடம் அது.

‘ஓர் இனமே பொய் பேசும், நம்பாதே, கொல்’ என்பது மனிதர்களைப் பற்றி யாராவது சொன்னால் எழுந்து போய்விட வேண்டிய பேச்சு. வரலாற்றில் அப்படிப் பேசியவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். அதனால் இதை ஓர் உவமையாக எடுத்துக்கொள்ள நான் மறுக்கிறேன். மனிதனைப் போல முகமும் பேச்சும் உள்ள வேட்டை விலங்கு ஒன்று இருந்தால் இரக்கம் என்ன பாடுபடும் என்ற கற்பனையாக மட்டும் பார்த்தால் அது கச்சிதமாக வேலை செய்கிறது. இந்த எல்லையைத் தாண்டி ரசிகர்கள் சிலர் அன்றாட அரசியலுக்கு இதை இழுத்துவருவதைப் பார்க்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை, தொடர் அதற்கு இடம் கொடுக்கிறது என்றும் நான் நினைக்கவில்லை.

11 ஏப்ரல், இரவு

கொஞ்சம் விலகிப் போகிறேன். என் அம்மா ஹைட்டர் எபிசோடை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். அனிமே என்றால் என்னவென்றே தெரியாதவர். டீமன் கிங், எல்ஃப் எதுவும் தெரியாது. அவருக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை, அதனால் எதையும் அவருக்காக உடைக்கவும் முடியாது.

கதை என்னவென்றால், ஹிம்மெலின் குழுவில் இருந்த குடிகாரப் பாதிரியார் ஹைட்டர் வயதாகிச் சாகக் கிடக்கிறார். போரில் பெற்றோரை இழந்த ஃபெர்னை வளர்த்து வருகிறார். இவளைச் சிஷ்யையாகக் கூட்டிப் போ என்று கேட்டால் ஃப்ரீரென் மறுத்துவிடுகிறாள். அதனால் ஒரு பழைய மந்திர நூலைக் கையில் கொடுத்து, இதைப் படித்துச் சொல், சும்மா இருக்கும் நேரத்தில் இவளுக்குக் கொஞ்சம் கற்றுக்கொடு என்று நிறுத்திவைக்கிறார். வருடங்கள் ஓடுகின்றன. நூலைப் படித்து முடிக்கும்போது பெண் தேறியிருக்கிறாள்.

அம்மா பார்த்து முடித்துவிட்டு, ‘பெரியவர் கெட்டிக்காரர், பொண்ணைக் கரை சேத்துட்டார்’ என்றார். பிறகு அடுத்ததையும் போடச் சொன்னார். பயணம் முழுக்கத் தெரிந்தவர்களின் நினைவை விசாரித்துக்கொண்டே வடக்கே போகிறாள் என்று நான் சுருக்கிச் சொன்னதற்கு, காசிக்குப் போகிற மாதிரி என்றார். அவள் போகிற ஆவ்ரியோல் செத்தவர்களின் ஆன்மா இருக்கும் இடம் என்று நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. எதிர்பார்ப்பை உடைப்பதை மட்டுமே நம்பி நிற்கிற கதை, எதிர்பார்ப்பு இல்லாதவரிடம் விழுந்துவிடும். இது விழவில்லை. ஆக 8ஆம் தேதி நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜானரைத் தெரிந்தவனுக்கு இது அந்தக் கணக்கை மாற்றும் கதை, தெரியாதவருக்கு இது வெறும் நல்ல கதை. இரண்டாவது இல்லையென்றால் முதலாவதுக்கு மதிப்பில்லை.

13 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ‘தேர்வுப் பகுதியைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?’ என்கிறார். பேசுவோம்.

போட்டித் தேர்வு ஆர்க் என்பது ஷோனென் மாங்காவின், அதாவது பையன்களுக்கான ஜப்பானியக் காமிக்ஸின், ரொட்டி மாதிரி, அது இல்லாமல் கடை நடக்காது. புது முகங்கள் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மந்திரம், சுற்று சுற்றாக வெளியேற்றம். 18ஆம் எபிசோடிலிருந்து 28 வரை இதுதான். வடக்குப் பீடபூமிக்குள் போக முதல் நிலை மந்திரவாதி ஒருவர் துணை வேண்டும் என்ற ஒரு நடைமுறைக் காரணத்துக்காக எழுதுகிறார்கள்.

முடிவை மட்டும் நினைத்துப் பாருங்கள். நாயகி ஃபெயில். தேர்வின் முடிவைச் சொல்லும் மூத்த எல்ஃப் மந்திரவாதி ஸேரியெ நேர்காணலில், பிடித்த மந்திரம் எது என்று கேட்கிறாள். பூந்தோட்டம் வரவைக்கும் மந்திரம் என்கிறாள் ஃப்ரீரென். ஸேரியெ அதை மதிக்கவில்லை. ஆனால் அந்த மந்திரத்தைத்தான் ஃப்ளாமெ எல்லாவற்றையும்விட நேசித்தாள். காட்டில் வழி தவறி அழுத சிறுவன் ஹிம்மெலுக்கு மந்திரம் அழகானது என்று முதன்முதலில் காட்டியதும் அதுதான். அந்தப் பூந்தோட்டம் இல்லையென்றால் அந்தக் குழுவில் ஃப்ரீரென் இல்லை. டீமன் கிங்கைக் கொன்ற பயணத்தின் வேரே ‘உபயோகமில்லாத’ ஒரு மந்திரம்.

ஃபெர்ன் பாஸ். பாஸானவர்களுக்கு ஸேரியெ எந்த மந்திரத்தைக் கேட்டாலும் தருவாள். உலகையே ஆளலாம். ஃபெர்ன் கேட்டு வாங்கிக்கொண்டு வருவது துணிகளின் கறையைப் போக்கும் மந்திரம். அதைக் கேட்டு ஃப்ரீரென் துள்ளுகிறாள், பெரிய புதையல் கிடைத்த மாதிரி. பதினோரு எபிசோடு ஓடிய தேர்வின் பரிசு சலவை!

இது காமெடிக்காக வைத்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் மாதக்கணக்கில் நடந்தே போகிற மூன்று பேரில் துணி துவைப்பது யார் என்று பார்த்தவர்களுக்கு அது மிகச் சரியான தேர்வு என்று தெரியும். காலையில் ஃப்ரீரெனை எழுப்பி, தலை வாரிவிட்டு, சாப்பாடு போட்டு, கிளப்பிவிடுகிற பெண் அவள்தான்.

14 ஏப்ரல்

வீரனின் வாளைப் பற்றி யாரும் எழுதாதது ஆச்சரியம். பாறையில் செருகிய வாள். தேர்ந்தெடுக்கப்பட்டவன் மட்டுமே உருவ முடியும். ஹிம்மெல் உருவினான் என்றுதான் உலகம் முழுக்கப் பேச்சு. 80 வருடம் கழித்து ஃப்ரீரென் போய்ப் பார்த்தால் வாள் அங்கேயே நிற்கிறது. அவனால் உருவ முடியவில்லை. அதனால் என்ன, இது இல்லாமலேயே டீமன் கிங்கைத் தோற்கடித்துவிட்டால் அப்புறம் போலி என்ன, அசல் என்ன என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். கிளம்பியவன் சொன்னதைச் செய்தும் முடித்தான்.

‘விதி இவனைத்தான் தேர்ந்தெடுத்தது’ என்பதில்தான் இந்த ஜானரே நிற்கிறது. விதி தேர்ந்தெடுக்காத ஒருவன் அதே வேலையைச் செய்து முடித்தான் என்கிறது இந்த எபிசோடு. அதை ஒரு பெரிய ரகசியம் போல உடைக்காமல், சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘ஹிம்மெலாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பான்’ என்று தொடர் முழுக்க ஆளாளுக்குச் சொல்கிற வசனத்துக்கு இதனால்தான் கனம் வருகிறது. விதி தேர்ந்தெடுத்தவனை யாரும் பின்பற்ற முடியாது. இவனைப் பின்பற்றலாம், ஃப்ரீரெனோடு பயணம் செய்யும் இளம் போர்வீரன் ஷ்டார்க்கால்கூட முடிகிறது, அவ்வளவு பயந்தவனால்கூட.

14 ஏப்ரல், சற்றுக் கழித்து

இயக்குநரைப் பற்றிக் கேட்டவருக்கு: சைட்டோ கெய்ச்சிரோ. இதற்கு முன் 2022இல் போச்சி தி ராக் இயக்கியவர். ஸ்டுடியோ மேட்ஹவுஸ், இசை எவன் கால். மூல மாங்கா யமதா கனேஹிதோ எழுத, அபே சுகாசா வரைவது, 2020இல் தொடங்கியது. மாங்காவை எடுத்துப் பார்த்தால் கட்டங்கள் மிகவும் அமைதியானவை. வசனம் இல்லாமல் நடந்துபோகிற பக்கங்கள் உண்டு. அந்த நடையை அனிமேயில் அவசரப்படுத்தாமல் விட்டதற்கு இயக்குநரைத்தான் பாராட்ட வேண்டும்.

16 ஏப்ரல்

கேள்வி கேட்டவருக்கு ஒன்றில் இடம் தருகிறேன். தேர்வின் இரண்டாவது சுற்று, ஒரு குகைக்குள் தேர்வாளர்கள் தங்களுடைய மந்திர நகல்களோடு போடும் சண்டை, எனக்கும் நீளம்தான். ஃப்ரீரெனும் அவளுடைய நகலும் மோதும் எபிசோடின் அனிமேஷன் பிரமாதம். ஆனால் அந்தச் சில எபிசோடுகளில் பயணம் நின்றுவிடுகிறது, ஷ்டார்க் கண்ணிலேயே படுவதில்லை, நான் மேலே புகழ்ந்த நிமிடக் கணக்கு பழைய பக்கமே சாய்ந்துவிடுகிறது. ஃபெர்ன் கூடச் சேர்ந்து மோதுவதும், அவள் வளர்ந்துவிட்டதை ஃப்ரீரென் அங்கே பார்ப்பதும் நல்ல இடங்கள். அதற்கு இத்தனை குகை தேவையில்லை. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. குவாலில் இருக்கிறது, மூன்றாவது எபிசோடை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.